சட்டைப் பையில் பத்துக் கடலைக்காய்

வருஷத்துக்கு ஒரு நாள் என் வகுப்பறையில் கடலைக்காய் வாசனை வீசும். பக்கத்து அறையில் பொருளாதாரம் எடுக்கிறவள் எட்டிப் பார்த்து, "ரமா, இது க்ளாஸா, டூரிங் டாக்கீஸா?" என்பாள். நான் கண்டுகொள்ள மாட்டேன். கரும்பலகையில் ஒரு வளைகோட்டை இழுத்து, இதுதான் இயல்நிலைப் பரவல், பரீட்சையில் வரைந்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்ப எனக்கும் தெரியும். எங்கள் காலேஜில் எனக்கு முன்னால் புள்ளியியல் எடுத்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். எனக்கு மனசு வராது. கண்ணால் பார்க்காததை நம்பு என்று சொல்ல நான் என்ன சாமியாரா?

ஆளுக்கு ஒரு பிடி கடலைக்காய், ஓட்டோடு. ஒரு ஸ்கேல். தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு, கோட்டின் மேல் மில்லிமீட்டர் எண்கள். கடலையை அளந்து, அதன் நீளம் என்னவோ அந்த எண்ணுக்கு நேராக ஒன்றன்பின் ஒன்றாக வரிசை வைக்க வேண்டும். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால் நடுவில் ஒரு மலை எழும்பியிருக்கும். இரண்டு பக்கமும் சீராகச் சரிந்து, இந்த ஓரத்தில் ஒற்றைப் பருப்புக் குட்டைக் கடலை ஒன்று, அந்த ஓரத்தில் நெட்டையாக ஒன்று. "யாரும் சொல்லாம எப்படி மேடம் இது இப்படி நிக்குது?" என்று யாராவது ஒருத்தி கேட்பாள். அந்தக் கேள்விக்காகத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அது முதல் பாதி. இரண்டாம் பாதியில், அந்தக் குவியலிலிருந்து நல்லதாகப் பார்த்துப் பத்துக் கடலையைப் பொறுக்கச் சொல்வேன். முற்றினதாக, பூச்சி அரிக்காததாக. அந்தப் பத்தை மட்டும் வேறு கோட்டில் வரிசை வைக்கச் சொல்வேன். மலை வராது. பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி இரண்டு இங்கே, மூன்று அங்கே என்று நிற்கும். "பொறுக்கியெடுத்த பத்தில் மலையைத் தேடாதே. தேடினால் நீயேதான் பொய்யாக ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும்" என்பேன். அதற்குள் பாதிப் பேர் கடலையை உடைத்துத் தின்ன ஆரம்பித்திருப்பார்கள். ஆனால் பாடத்தின் உயிர் அந்த இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது.

என் கணவர் சந்தானத்துக்கு இரண்டு பாதியும் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கடலைக்காய் வாங்கி வருவது அவர்தான். பொறுக்காத மூட்டையிலிருந்துதான் வேண்டும் என்று கடைக்காரனிடம் சண்டை போட்டு வாங்கி வருவார். நல்ல மனிதர், ஆனால் யாரும் பாராட்டாத மனிதர். அரசாங்க டெலிபோன் தொழிற்சாலையில் நிரந்தர வேலையில் இருந்தவர். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி தெரியாமல் திண்டாடும் என்று எல்லோரும் பயந்த சமயத்தில், அந்தப் பழைய நிரல்களைத் திருத்த ஆள் தேடினார்கள். சாயங்கால வகுப்புக்குப் போய் கோபோல் என்கிற பழைய கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டு, இருந்த வேலையை உதறிவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தார். மாநில அரசாங்கக் கஜானாவில் இருந்து ரிட்டயரான என் மாமனார் அதன்பின் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

இரண்டாயிரம் பிறந்தது. உலகம் அழியவில்லை. தேதியைத் திருத்தும் வேலையும் தீர்ந்துபோனது. நாற்பத்து நாலு வயதில், இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே, அவர்கள் 'சந்தானம் ஸார்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிற மூலையில் உட்கார்ந்திருந்தார். எது கொடுத்தாலும் செய்தார். ராத்திரி சாப்பிடும்போது, "இந்தப் புது பாஷையெல்லாம் ஸ்வல்ப கஷ்டமாத்தான் இருக்கு, ரமா" என்பார்.

அந்த வருஷம் கார்த்திகையில், பசவனகுடி பரிஷைக்கு, அதாவது கடலைக்காய்த் திருவிழாவுக்குப் போய்க் கடலைக்காய் வாங்கிக்கொண்டு திரும்புகிற வழியில், ஆட்டோவில் வைத்துக் கேட்டார்.

"உன் கடலைக்காயைக் கொஞ்சம் எனக்கும் குடேன்."

"எதுக்கு?"

"ஆபீஸ்ல பெல் கர்வ்னு உன் மலையைத்தான் கொண்டுவரா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டீம்ல எல்லாரையும் தரம் பிரிக்கணுமாம். ஒருத்தன் மேல, ஒருத்தன் கடைசிப் பெட்டியில, பாக்கிப் பேர் நடுவுல. பசங்க முணுமுணுக்கறா. அனந்தபத்மநாபன் சொல்றார், உங்க ஆத்துக்காரி காலேஜ்ல பண்றதை இங்கே பண்ணிக் காட்டுங்கோ, எல்லாருக்கும் புரிஞ்சுடும்னு."

அனந்தபத்மநாபன் அவருடைய டீமுக்குத் தலைவர். எனக்கு அப்போதே சுருக்கென்றது.

"உங்க டீம்ல எத்தனை பேர்?"

"பத்து."

"எத்தனை பேரை இன்டர்வியூ பண்ணி அந்தப் பத்துப் பேரை எடுத்தா?"

"நூத்துக்கணக்குல இருக்கும்."

"அப்போ பொறுக்கின பத்து. அதுல எங்கேர்ந்து மலை வரும்?"

"அதைத்தானே சொல்லப்போறேன். ரெண்டாவது பாதியையும் காட்டுவேன். நீ பாரேன்" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு துள்ளலை நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கூடத்தில் உட்கார்ந்து அவரே பத்து நல்ல கடலைக்காயாகப் பொறுக்கினார். ஒவ்வொன்றையும் காதோரம் ஆட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மீதியைப் பையோடு தூக்கிக்கொண்டு, பதினெட்டாவது கிராஸில் நிற்கும் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினார்.

சாயங்காலம் வரும்போது கையில் ஒரு காபிக் கோப்பை இருந்தது. வெள்ளைக் கோப்பை, மேலே கம்பெனியின் நீல முத்திரை. பரிசு. "எல்லாரும் கைதட்டினா, ரமா! பம்பாய்லேர்ந்து பெரியவர் ஒருத்தர் வந்திருந்தார். கான்ஃபரன்ஸ் ரூம் கார்ப்பெட்ல மலை எழும்பினதும் அவரே எழுந்து நின்னு தட்டினார். என் தோளைப் பிடிச்சுண்டு, இவரைப் பாருங்கோ, இவர்தான் இன்னிக்கு ஹீரோன்னார்." அவர் முகம் சிவந்திருந்தது. அந்தக் கம்பெனியில் சேர்ந்து மூன்று வருஷத்தில் யாரும் அவருக்குக் கைதட்டினதில்லை. நான் அவருக்காகச் சந்தோஷப்பட்டேன். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

அடுத்த நாள் துணி துவைக்கச் சட்டையை எடுத்தபோது பை கனத்தது. பத்துக் கடலைக்காயும் அப்படியே இருந்தன.

நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் முகம் வாடிவிடும் என்று தெரியும். கடலையை உடைத்து சட்னியில் போட்டு அரைத்துவிட்டேன். எனக்கு வந்த கோபம் அவர்மேல் இல்லை. கைதட்டலோடு பாடத்தை முடித்துக்கொண்ட அந்தப் பம்பாய்க்காரர்மேல். அரைப் பாடம் படித்தவர்கள் ஊரை ஆள்கிறார்கள் என்று பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் கடைசிப் பெட்டி வந்தது. பத்துப் பேரில் யாரைப் போடுவது? எல்லோரும் வேலை செய்தவர்கள்தான். அந்தப் பெட்டியில் விழுந்தால் சம்பள உயர்வு கிடையாது, ஆறு மாதத்துக்கு வெளிநாட்டுப் பயணம் கிடையாது, அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தார்கள். அவ்வளவுதான் என்பதைக் கேட்டதும் அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

அந்த ஏற்பாடு பஸ்ஸிலிருந்து வந்தது. மல்லேஸ்வரத்திலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்ச் சேருவதற்குள் ஓசூர் ரோடு இடுப்பை ஒடித்துவிடும். அதிலும் கடைசி வரிசையில், சக்கரத்துக்கு மேலே ஒரு சீட். பள்ளத்தில் இறங்கினால் தலை கூரையில் இடிக்கும். யாரும் அதில் உட்கார மாட்டேன் என்று சண்டை வந்தபோது, இவர்கள் டீம் முறை வைத்துக்கொண்டது. ஒரு வாரம் ஒருத்தர். இடுப்புவலிக்காரர் என்று சந்தானத்தை விட்டுவிடலாம் என்றார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தன் வாரம் வந்தால் பேசாமல் போய் அங்கே உட்கார்ந்துகொள்வார். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வாரத்தை மாற்றிக்கொள்வார்கள்.

"பேசாம கடைசி சீட் மாதிரியே முறை வெச்சுக்கலாமே" என்று ஸ்னேஹா என்கிற பெண் சொன்னாளாம். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. இந்த ஆறு மாதம் நீ, அடுத்த ஆறு மாதம் நான். யார் மனசும் நோகாது. முதல் முறை சுனில், கல்யாணமாகாதவன், சிரித்துக்கொண்டே போய்ப் பெட்டியில் உட்கார்ந்தான். அடுத்தது ஸ்னேஹாவே. அனந்தபத்மநாபனுக்கு எல்லாம் தெரியும். அவருக்கும் தலைவலி விட்டது. மேலே இருக்கிறவர்கள் கேட்ட வடிவத்தில் பேர்களை அடுக்கி அனுப்பிவிட்டார்.

"இது என்ன கூத்து?" என்றேன் நான்.

"கூத்துக்குக் கூத்துதான் பதில்" என்று சிரித்தார். "பொய்யா ஒரு மலையைக் கட்டச் சொன்னா. நாங்க யாருக்கும் வலிக்காம கட்டிக் குடுத்தோம்."

அப்போது எனக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

அந்த வருஷம் செப்டம்பரில் அமெரிக்காவில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. டிசம்பருக்குள் கம்பெனியில் பாதி மேஜைகளில் வேலை இல்லை. அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அஷ்வத் வீட்டுக்கு வந்தான்.

அஷ்வத் டீமிலேயே சின்னவன். இவர் பக்கத்து மேஜை. புது பாஷைகளில் இவருக்கு வராததை எல்லாம் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, நான் கொடுத்த காபியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"ஸார், ஜனவரில கடைசிப் பெட்டி என் முறை."

"ஆமாம். ஜூலைல என்னுது."

"மார்ச்ல என்னை க்ளையண்ட் கிட்ட அமெரிக்கா அனுப்பறாங்க ஸார். பெட்டில விழுந்தா போக முடியாது. என் ஒய்ஃபுக்கு ஏழாம் மாசம். சீமந்தத்துல என் மாமனார் அமெரிக்கா மாப்பிள்ளைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டார்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க என் முறையை எடுத்துண்டா, ஜூலைல உங்களுதை நான் எடுத்துக்கறேன். ப்ராமிஸ் ஸார்."

நான் சமையலறை வாசலில் நின்றேன். "அஷ்வத், ஊரே ஆடிண்டிருக்கு. இப்போ போய்ப் பெட்டியை மாத்திக்கறதாவது? பெட்டின்னா பெட்டிதான்ப்பா."

"ரமா, சும்னே இரு" என்றார் இவர். அவனைப் பார்த்து, "இதுல என்ன இருக்கு? பஸ்ல சீட் மாத்திக்கறதில்லையா? நான் போறேன், போ" என்று சொல்லிவிட்டார்.

அவன் எழுந்து இவர் காலைத் தொட வந்தான். இவர் தடுத்தார். காபி ஆறிப்போயிருந்தது. அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனான். அவனைக் கோபித்துக்கொள்ள என்னால் முடியவில்லை. பயந்த பிள்ளை. பயந்தவன் கேட்டால் இவர் இல்லை என்று சொல்லவே மாட்டார். நான் கட்டிக்கொண்டது அப்படிப்பட்ட ஆளைத்தான்.

ஜனவரிக் கடைசியில் ஒரு மத்தியானம் வாசலில் ஆட்டோ நின்றது. அன்று எனக்குக் காலேஜ் அரை நாள். இவர் ஒரு பிளாஸ்டிக் கவரோடு இறங்கினார். கவரில் அந்த வெள்ளைக் கோப்பையும், சாமி படமும், ஒரு ஸ்வெட்டரும் இருந்தன. கழுத்தில் எப்போதும் தொங்குகிற அடையாள அட்டை இல்லை.

"கடைசிப் பெட்டில இருக்கறவா எல்லாரையும் அனுப்பிட்டா" என்றார். "கம்பெனி முழுக்க. டீமுக்கு ஒருத்தர்."

நான் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "பஸ் சாயங்காலம்தானே கிளம்பும். அதான் ஆட்டோ" என்று யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார். அப்புறம் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி, ஷெல்ஃபில் வைக்கப் போனார். அதன் இடம் அங்கே இல்லை, ஆபீஸ் மேஜையில் என்பது பாதி வழியில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. கோப்பையோடு அங்கேயே நின்றார். நான் உள்ளே போய் முகத்தைப் புடவைத் தலைப்பால் அழுத்திக்கொண்டு அழுதேன்.

அந்த வாரக் கடைசியில் அனந்தபத்மநாபன் ஆப்பிள் பழங்களோடு வந்தார். நோயாளியைப் பார்க்க வருகிறவர் மாதிரி. நான் பழத்தை வாங்கவில்லை.

"முறை வெச்சுண்டதுனாலதான் இவர் பேர் அங்கே இருந்ததுன்னு மேலே சொன்னேளா?"

"இல்லை மேடம்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா, ஒரு வருஷமா நீ என்ன பண்ணிண்டிருந்தேன்னு என்னை முதல்ல அனுப்புவா. அப்புறம் டீமையே பொய்க் கணக்கு குடுத்த டீம்னு சொல்லி மொத்தமா கலைச்சுடுவா. மீதி ஒன்பது குடும்பம் இருக்கு."

"நூத்துக்கணக்குல பார்த்துப் பொறுக்கியெடுத்த பத்துப் பேர். அதுல கடைசின்னு ஒருத்தன் எப்படி இருப்பான்? பத்துக் கடலைக்காயில மலை வராதுன்னு என்கிட்ட முதல் வருஷம் படிக்கற பொண்ணுகூட சொல்லும். உங்களுக்கெல்லாம் இது தெரியாதா?"

அவர் பழக்கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தெரியும் மேடம். நானும் எம்.எஸ்ஸி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான். மேலே இருக்கறவாளுக்கு வடிவம்தான் வேணும். அதுக்குள்ள யார் இருக்கான்னு அவா பார்க்கறதில்லை."

தெரியாமல் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். தெரிந்தே செய்தவரை என்ன சொல்வது? "உங்களுக்கு நான் பாடம் எடுக்கலையேன்னு இப்போதான் சந்தோஷமா இருக்கு" என்றேன். சந்தானம், "விடு ரமா, அவர் என்ன பண்ணுவார்" என்று அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அஷ்வத்தின் பெயரை அவர் அன்று எடுக்கவே இல்லை. அவன் முறையைத் தான் எடுத்துக்கொண்டதை ஒரு தடவையாவது சொல்லிக்காட்டுவார் என்று காத்திருந்தேன். அவருக்குப் பதிலாக நான்தான் தினமும் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. இவர் காலையில் பால் வாங்கப் பதினெட்டாவது கிராஸுக்குப் போவார். ஒரு நாள் கம்பெனி பஸ் வழக்கம்போல அங்கே நின்றது. டிரைவர் இவரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கதவைத் திறந்துவிட்டான். "ஹத்தி ஸார், லேட்டாய்த்து" என்று ஏறச் சொன்னானாம். இவர் பால் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். கதவு மூட ரொம்ப நேரமாயிற்று என்று வீட்டுக்கு வந்து சொன்னார். மறுநாளிலிருந்து வேறு தெருவில் பால் வாங்கினார்.

இன்டர்வியூவுக்குப் போகிற இடங்களில் கோபோல் என்றதும் பையன்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கக் கூப்பிட்டார்கள். அங்கேயும் முந்தின கம்பெனியில் ஏன் நீக்கினார்கள் என்று கேட்டார்கள். கடைசிப் பெட்டி என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்! "முறைன்னு சொல்லியிருக்கலாமே" என்று கத்தினேன். "யார் நம்புவா, ரமா? எனக்கே சில நாள் சந்தேகமா இருக்கு. நிஜமாவே நான்தான் கடைசியோ என்னவோ" என்றார். அந்தப் பேச்சு எனக்குத் தாங்கவில்லை. வேலை போனதைவிட அதுதான் எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிந்தது. யாரோ கட்டின பொய் மலையை என் புருஷன் நம்ப ஆரம்பித்துவிட்டார்.

ஜூலையில் காலேஜ் திறந்தது. புதுப் பெண்கள், புது வகுப்பு. மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் இவரே போய்ப் பொறுக்காத மூட்டையிலிருந்து கடலைக்காய் வாங்கி வந்தார். கடைக்காரனிடம் சண்டை போடவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது, அவ்வளவு மண். சனிக்கிழமை மத்தியானம் கூடத்தில் பேப்பரை விரித்து நான் ஆளுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டிருந்தேன். இவர் எதிரே உட்கார்ந்து, சும்மா இருக்க முடியாமல், ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாக அளந்து தரையில் வரிசை வைத்துக்கொண்டிருந்தார். சின்னதாக ஒரு மேடு தெரிய ஆரம்பித்திருந்தது.

போன் அடித்தது. அவர்தான் எழுந்து போய் எடுத்தார்.

"சொல்லு அஷ்வத்... குழந்தை எப்படி இருக்கா? குப்புத்துக்கறதா?... ம்." அப்புறம் நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். அவருடைய இன்னொரு கை சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தது. "எப்போ?... கார்டைக் குடுத்துட்டியா?... இல்லைப்பா, நான் ஒண்ணும் நினைச்சுக்கலை. அழாதே. ஆத்துக்கு வா."

திரும்பி வந்து மேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"அவனையும் அனுப்பிட்டா."

"அமெரிக்கா போகலையா?"

"அந்த ப்ராஜெக்டே மார்ச்ல நின்னுபோச்சாம். நம்மகிட்ட சொல்ல வெட்கப்பட்டுண்டு இருந்திருக்கான்." தரையிலிருந்து ஒரு கடலையை எடுத்தார். "இந்தத் தடவை பெட்டில யாருன்னு டீம்ல கேள்வி வந்திருக்கு. இப்போ பெட்டின்னா என்னன்னு எல்லாருக்கும் தெரியுமே. யாரும் வாயைத் திறக்கலையாம். அப்புறம் ஸ்னேஹா சொன்னாளாம், ஜூலை சந்தானம் ஸார் முறை, அதை நீ எடுத்துக்கறதா வாக்கு குடுத்திருக்கியேன்னு. எல்லாரும் தலையாட்டினாளாம்."

இத்தனை மாதமாக அஷ்வத்தை மனசுக்குள் வைதுகொண்டிருந்தேன். இப்போது அவன் குழந்தையின் முகத்தை நினைக்கப் பார்த்தேன். நான் அதைப் பார்த்ததே இல்லை.

"அப்போ நான் அவனுக்குப் பண்ணினது ஒண்ணுமே இல்லை" என்றார். "வெறும் ஆறு மாசம்."

கையில் இருந்த கடலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், ஒன்றரை வருஷமாக நான் கேட்காமல் வைத்திருந்ததற்கு அவராகவே பதில் சொன்னார்.

"அன்னிக்கு அந்தப் பத்தும் என் பையிலேயே இருந்தது, ரமா. எடுத்துக் காட்டணும்னு கையைக்கூட வெச்சேன். எல்லாரும் கைதட்டிண்டே இருந்தா. நன்னா இருந்தது கேக்க. எடுக்கலை." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எடுத்துக் காட்டியிருந்தா இதெல்லாம் நின்னுருக்குமா?"

இருபது வருஷமாகக் கண்ணால் பார்க்காத எதையும் நான் வகுப்பில் சொன்னதில்லை. அன்று சொன்னேன். "ஒண்ணும் மாறியிருக்காது. அவா முன்னாடியே முடிவு பண்ணியாச்சு. நீங்க பத்து இல்லை, நூறு காட்டியிருந்தாலும் இதேதான்."

அவர் நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். கையிலிருந்த கடலையை ஸ்கேலில் வைத்து அளந்து, ஓரத்தில், தனியாக நின்ற இன்னொன்றின் பக்கத்தில் வைத்தார். பிறகு பொட்டலங்களில் ஒன்றைப் பிரித்து, காதோரம் ஆட்டி ஆட்டிப் பத்துக் கடலைக்காய் பொறுக்கி என் கைப்பையின் மேலே வைத்தார்.

"நாளன்னைக்கு க்ளாஸ்ல ரெண்டாவது பாதியை முதல்ல பண்ணிடு, ரமா" என்றார். "மலையைப் பார்த்துட்டா கைதட்டிடுவா."